சிங்கி இறால் கதைக்கு 40,000 ரூபாயா?

கேள்வி: குளச்சல் பக்கம் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். அப்பா சிங்கி வலை போட்டவர். வலையில் மாட்டிய சினைச் சிங்கியைத் திரும்பக் கடலில் விடும் சிறுமியைப் பற்றிக் குழந்தைகளுக்கு ஒரு கதை எழுதினேன். ஒருவர் 40,000 ரூபாய்க்குப் புத்தகமாக்கித் தருவதாகச் சொல்கிறார். ஐ.எஸ்.பி.என். (புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண்), பதிப்புரிமைப் பதிவு எல்லாம் அதில் அடக்கமாம். மாதிரிப் படத்தோடு ஒப்பந்தமும் வந்திருக்கிறது. 'எல்லா உரிமைகளும் பதிப்பாளருக்கே' என்கிறது. கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடாதீர்கள். பணத்தையும் கேட்கிறார், உரிமையையும் கேட்கிறார். பணம் கொடுத்து அச்சிட்டால் உரிமை முழுக்க உங்களிடம் இருக்க வேண்டும். உரிமை வேண்டும் என்றால் அவர்தான் உங்களுக்குப் பணம் தர வேண்டும்.

ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு இந்தியாவில் கட்டணமே கிடையாது. மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகத் தருகிறது, எழுத்தாளரே விண்ணப்பிக்கலாம். இந்த இலவச எண்ணுக்கு ஆயிரக்கணக்கில் பில் போடுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

பதிப்புரிமையும் அப்படித்தான். கதையை எழுதியதுமே அது உங்களுடையது. உங்கள் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு நிற்கும். பதிவு கட்டாயமில்லை. செய்தாலும் அரசுக் கட்டணம் 500 ரூபாய்தான். ஆனால் அந்தப் படிவத்தை ஒரு ஆசிரியை தானே நிரப்பும்படி வைத்திருக்கிறார்களா? தமிழில் நாலு வரி விளக்கம் கொடுத்திருந்தால் இடைத்தரகர்களுக்கு இங்கே வேலையே இருக்காது.

ஒருவேளை ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால் பதற வேண்டாம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆவது பிரிவு கைகொடுக்கும். உரிமையை எத்தனை ஆண்டுக்குக் கொடுக்கிறீர்கள் என்று ஒப்பந்தம் சொல்லவில்லை என்றால், 5 ஆண்டு என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதாவது 2025 ஜூனில் கையெழுத்திட்டால் 2030 ஜூனோடு கதை உங்களிடம் திரும்பிவிடும். எந்த நாட்டுக்கு என்று சொல்லவில்லை என்றால் இந்தியாவுக்கு மட்டும். வாங்கியவர் ஒரு வருஷம் அந்த உரிமையைப் பயன்படுத்தாமல் சும்மா வைத்திருந்தாலும், ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாதவரை, அது காலாவதியாகும். ஆனால் ஒன்று: 'நிரந்தரமாக' என்று எழுதியிருந்தால் அந்த 5 ஆண்டுச் சலுகையும், 'உலகம் முழுவதும்' என்று எழுதியிருந்தால் இந்தியாவுக்கு மட்டும் என்ற சலுகையும் உங்களுக்கு உதவாது. அதனால் அந்த இரண்டு சொற்களை முதலில் தேடுங்கள். சின்ன எழுத்தில் இருந்தாலும் விடாதீர்கள்.

அப்புறம் அந்த மாதிரிப் படம். சிவப்பு நிறத்தில், நண்டுக்கு இருப்பது போல இரண்டு பெரிய கொடுக்குகளோடு ஒரு இறால் கடலடியில் நிற்கிறது. உங்கள் அப்பா பிடித்த சிங்கிக்கு அந்தக் கொடுக்கு ஏது? முள் முள்ளாக, உடம்பைவிட நீளமான மீசைதானே உண்டு. சிவப்பும் வேகவைத்த பிறகுதானே வரும்! உங்கள் கதையைப் படித்து வரைந்த படம் இல்லை அது. எங்கோ வெளிநாட்டுப் படத்தை எடுத்து ஒட்டியிருக்கிறார் என்றே நினைக்கிறேன். படத்துக்குத் தனிப் பதிப்புரிமை உண்டு. நாளை அதை வரைந்தவர் கேட்டு வந்தால், அட்டையில் இருப்பது உங்கள் பெயர். உங்கள் ஊரிலேயே சிங்கியைக் கண்ணால் பார்த்து வரையக்கூடிய ஒருவரைப் பிடியுங்கள். அவருக்கு ஒரு தொகை கொடுத்து, 'இந்தப் புத்தகத்துக்காக வரைந்தேன், இதில் வெளியிட அனுமதிக்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.