பக்கத்து வீட்டு சோலாரும் நம் வீட்டு சோலாரும்

கேள்வி: எங்கள் வரிசையில் நான்கு தரைவீடுகளில் கூரை சோலார் இருக்கிறது. எங்களுடையது கடைசி வீடு. வெயில் உச்சத்தில் இருக்கும்போது எங்கள் இன்வெர்ட்டர் ‘வோல்டேஜ் அதிகம்’ என்று காட்டிவிட்டு நின்றுபோகிறது. சற்று நேரத்தில் தானாகவே ஓடுகிறது. பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர்கள் எங்களுடையதை அமுக்குகின்றனவா?
- வாசகி, சிராங்கூன் கார்டன்ஸ்

பதில்: அமுக்கவில்லை அம்மா. ஆனால் அவற்றுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு.

சுருதிப்பெட்டியைக் கேட்டுக்கொண்டு எல்லாரும் பாடுவதுபோல, சோலார் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் ஒவ்வொன்றும் கிரிட்டின், அதாவது பொது மின்கட்டமைப்பின், 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் அலையைக் கவனித்து, அதற்கு இணையாகவே கரண்டைத் தள்ளுகிறது. நான்கு வீடுகள் ஒரே கேபிளில் தள்ளினாலும் மோதல் இல்லை, கரண்ட் கூடும். கேபிளுக்கு மின்தடை இருக்கிறதே, அதனால் வெளியே போகும் கரண்ட் கூடக்கூட வீட்டுப் பக்கம் வோல்டேஜ் ஏறும். துணைமின் நிலையத்துக்குத் தொலைவில் உள்ள கடைசி வீட்டில்தான் அதிகம் ஏறும். பள்ளி விடுமுறையில் பலரும் வெளியூர் போய் ஏர்கான்கள் நின்றிருந்தால் இன்னும் கொஞ்சம் ஏறும். எல்லை தாண்டினால் இன்வெர்ட்டர் நின்றாக வேண்டும். உங்களுடையது ஒழுங்காகத்தான் நடந்துகொள்கிறது.

அக்கம்பக்கத்தைக் கேட்பதற்குமுன் ஒன்று செய்யுங்கள். உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனை நல்ல வெயில் நேரத்தில் வரச்சொல்லி, இன்வெர்ட்டர் முனையிலும் மீட்டர் அருகிலும் ஒரே சமயத்தில் வோல்டேஜை அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் நல்ல வித்தியாசம் இருந்தால், கூரையிலிருந்து இறங்கும் உங்கள் சொந்தக் கேபிள் மெலிந்தது, அல்லது ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது. மீட்டரிலேயே அதிகமாக இருந்தால் அந்த அளவீட்டோடு, சிங்கப்பூரின் மின்கட்டமைப்பை நடத்தும் எஸ்பி குழுமத்திடம் சொல்லுங்கள். “லிமிட்டைக் கொஞ்சம் ஏற்றிவிடுகிறேன், நிற்காது” என்று யாராவது சொன்னால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். அந்த வோல்டேஜ்தான் உங்கள் ஃபிரிட்ஜுக்கும் பக்கத்து வீட்டு டிவிக்கும் போகிறது.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கிரிட்டில் மின்சாரம் போனால் எல்லா இன்வெர்ட்டர்களும் உடனே நிற்க வேண்டும். கேபிளில் கைவைக்கும் ஊழியரின் உயிர் அதில் இருக்கிறது. பல இன்வெர்ட்டர்கள் ஒரே கேபிளில் இருந்தால், ஒன்றின் அலையை மற்றொன்று கிரிட் என்று நம்பி ஓடிக்கொண்டே இருக்கும் ஆபத்து உண்டு. அதனால் ஒவ்வொன்றும் அதிர்வெண்ணை, அதாவது அந்த 50 ஹெர்ட்ஸை, லேசாகத் தள்ளிப் பார்க்கும். உண்மையான கிரிட் அசையாது. கிரிட் இல்லையென்றால் அதிர்வெண் விலகிப்போய் எல்லாம் நின்றுவிடும். ஓர் இன்வெர்ட்டர் மேலேயும் இன்னொன்று கீழேயும் தள்ளினால் இந்தச் சோதனை பலவீனப்படும். ஆகவே செட்டிங்கில் ஆளுக்கொரு கை வைக்கக்கூடாது.

எல்லாம் ஒரே மாதிரி இருந்தாலும், விதியே தவறாக இருந்தால் ஆபத்துதான். ஜெர்மனியில் அதிர்வெண் 50.2 ஹெர்ட்ஸைத் தொட்டால் சோலார் நின்றுவிட வேண்டும் என்று வைத்திருந்தார்கள். கூரைகள் பெருகியபின், அந்தப் புள்ளியில் அத்தனையும் ஒரே நொடியில் விழுந்தால் கிரிட்டே தள்ளாடும் என்று தெரிந்தது. 2012-இல் சட்டம் போட்டு, பழைய இன்வெர்ட்டர்களைத் தேடித்தேடி மாற்றியமைத்தார்கள். இப்போது வரும் இன்வெர்ட்டர்கள் அதிர்வெண் ஏற ஏறப் படிப்படியாக உற்பத்தியைக் குறைக்கும்.

கேள்வி: எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கூரையில் சோலார் தகடுகள் போட்டிருக்கிறார்கள். அந்த மின்சாரம் என் வீட்டுக்கு வருமா?
- வாசகர், யீஷூன்

பதில்: முதலில் மின்தூக்கி, தாழ்வார விளக்கு, தண்ணீர் பம்ப் போன்ற பொதுச் சேவைகளுக்குப் போகும், மிஞ்சினால் கிரிட்டுக்கு. பொதுக் கட்டடக் கூரைகளில் சோலார் போட 2014-இல் தொடங்கிய சோலார்நோவா என்ற அரசாங்கத் திட்டத்தின் ஏற்பாடு இது. உங்கள் மின்கட்டண ரசீதில் அது தெரியாது. நகர மன்றத்தின் மின்செலவில்தான் தெரியும்.