சென்சார் முதலில், பம்ப் அப்புறம்: டைப் ஒன் வீடுகளிலிருந்து வந்த கேள்விகள்

இந்த முறை ஏழு கடிதங்களை எடுத்திருக்கிறேன். எல்லாமே டைப் ஒன் (உடம்பில் இன்சுலின் சுரப்பு ஏறக்குறைய நின்றுபோகும்) சர்க்கரை நோயோடு வாழ்பவர்கள், அல்லது அப்படி ஒரு பிள்ளையை வளர்ப்பவர்கள் எழுதியவை. எனக்கும் 11 வயதில் இது வந்தது. இன்சுலினைப் பேனா ஊசியிலும், அதை நாள் முழுக்கச் சிறிது சிறிதாகச் செலுத்தும் பம்பிலும் போட்டுப் பல வருடங்கள் ஓட்டியிருக்கிறேன். உடம்பில் ஒட்டிச் சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் கருவியைத்தான் சென்சார் என்கிறேன். ராத்திரி மூன்று மணிக்கு அலாரம் கேட்டு எழுகிறவர்களின் பக்கம் நின்றுதான் இந்தப் பதில்களை எழுதுகிறேன். டோஸ் கணக்கை மட்டும் உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள். கீழே வரும் சர்க்கரை அளவுகள் மி.கி./டெ.லி. கணக்கில் இருக்கின்றன, மில்லிமோலில் பார்ப்பவர்கள் 18ஆல் வகுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது. டைப் ஒன் என்று தெரிந்து நான்கு மாதம் ஆகிறது. சென்சாரையும் பம்பையும் சேர்த்து வாங்கினால்தான் பலன் என்கிறார் விற்பனைப் பிரதிநிதி. எங்களால் இப்போது ஒன்றுதான் முடியும். எதை வாங்குவது?

சென்சார். தயங்காமல் சொல்கிறேன். இன்சுலினை எதில் போட்டாலும், சர்க்கரை இப்போது எவ்வளவு, எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்தால்தான் அளவாகப் போட முடியும். விரலில் குத்திப் பார்த்தால் அந்த நொடியின் எண் கிடைக்கும். சென்சார் சில நிமிடங்களுக்கு ஒரு முறை எண்ணைத் தருவதோடு, ஏறுகிறதா இறங்குகிறதா என்று ஒரு அம்புக்குறியும் காட்டும். தூங்கப் போகிற நேரத்தில் 110 என்றால் நிம்மதிதான். அதே 110க்குப் பக்கத்தில் அம்பு செங்குத்தாகக் கீழே பார்த்தால், குழந்தையைத் தூங்கவிடாமல் ஏதாவது கொடுத்தாக வேண்டும். காசு கொடுத்து நீங்கள் வாங்குவது உண்மையில் அந்த அம்பைத்தான்.

சென்சாரைப் போட்டுக்கொண்டு பேனா ஊசியிலேயே நன்றாக இருப்பவர்கள் நிறையப் பேர். சென்சார் இல்லாமல் பம்பை ஓட்டுவதும் முடியும், ஆனால் நாள் முழுக்க விரலில் குத்திக்கொண்டே இருக்க வேண்டும். பம்ப் முந்திக்கொள்ள ஒரு நியாயமான காரணம் உண்டு: மிகக் குறைந்த இன்சுலின் தேவைப்படும் சின்னக் குழந்தைகள். அரை யூனிட் பேனாவில்கூடப் பிடிபடாத அளவை, பம்ப் 0.05 யூனிட், சில பம்புகள் 0.025 யூனிட் என்று நுணுக்கிக் கொடுக்கும். மருத்துவர் அந்தக் காரணத்தைச் சொன்னால் வரிசையை மாற்றுங்கள்.

கருவியின் விலையோடு கணக்கை முடித்துவிடாதீர்கள். பத்து நாள் சென்சார் என்றால் வருடத்துக்கு 37 தேவை. பதினான்கு நாள் சென்சார் என்றால் 27. பம்பின் கேனுலா செட்டை (இன்சுலினைத் தோலுக்குள் கொண்டுபோகும் மெல்லிய குழாய்) மூன்று நாளுக்கு ஒரு முறை மாற்றினால் வருடத்துக்கு 122. கழன்று விழுபவையும் பாதியில் நின்றுபோகிறவையும் இதில் சேரவில்லை. நான் பத்துக்கு ஒன்று கூடுதலாக வைத்தே கணக்குப் போடுவேன். "ஒரு வருடத்துக்கு எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தொகை உங்களால் வருடா வருடம் முடியுமா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடலாம்.

கேள்வி: புது சென்சார் 96 காட்டுகிறது. அதே நிமிடத்தில் விரலில் குத்திப் பார்க்கும் மீட்டர் 118 காட்டுகிறது. சென்சாரைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

இந்த ஒரு எண்ணை வைத்து வேண்டாம். இரண்டுமே சரியாக இருக்கலாம்.

மீட்டர் பார்ப்பது ரத்தத்தை. சென்சாரின் மெல்லிய இழை தோலுக்கு அடியில், செல்களுக்கு இடையே இருக்கும் நீரில் கிடக்கிறது. ரத்தத்தில் ஏறிய சர்க்கரை அந்த நீருக்கு வந்து சேர 5 முதல் 10 நிமிடம் வரை பிடிக்கும். அதனால் சாப்பிட்ட பின் ஏறும்போது மீட்டர் முந்தி நிற்கும், சென்சார் பின்னால் வரும். இறங்கும்போதும் அப்படித்தான்: ரத்தத்தில் குறைந்துவிட்டிருக்கும், சென்சார் இன்னும் பழைய எண்ணிலேயே இருக்கும்.

லோ வந்து, அதாவது சர்க்கரை மிகவும் இறங்கி, குளுக்கோஸ் எடுத்த பிறகு இந்தத் தாமதம் பலரையும் ஏமாற்றிவிடுகிறது. 15 கிராம் எடுத்து, 15 நிமிடம் காத்திருந்தும் சென்சார் 62 என்றே நிற்கும். பயத்தில் இன்னும் எடுப்போம், அப்புறம் இன்னும் கொஞ்சம். ஒரு மணி நேரத்தில் 240. லோவுக்குப் பிறகு மறுபடி பார்க்க விரலில் குத்திப் பார்ப்பதே நல்லது. சென்சார் வாங்கியபின் மீட்டரையும் ஸ்ட்ரிப்பையும் தூக்கிப்போடாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகவும்தான்.

மீட்டருக்கும் தவறிப்போக இடம் கொடுத்திருக்கிறார்கள். 2013ஆம் ஆண்டின் ஐஎஸ்ஓ 15197 தர விதிப்படி, 100க்கு மேல் எடுக்கும் அளவீடுகளில் 95 சதவீதம் ஆய்வக அளவிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். 100க்குக் கீழே என்றால் 15 புள்ளிக்குள். ஆக உங்கள் 118 உண்மையில் 103ஆகவும் இருக்கலாம். இனிப்பைத் தொட்ட விரலைக் கழுவாமல் குத்தினால் இன்னும் தாறுமாறாகக் காட்டும்.

எங்களைப் போன்றவர்கள் வைத்திருக்கும் கணக்கு 20. மீட்டர் 70க்கு மேல் காட்டினால் வித்தியாசம் 20 சதவீதத்துக்குள்ளும், 70க்குக் கீழே காட்டினால் 20 புள்ளிக்குள்ளும் இருக்க வேண்டும். உங்களுடையது 22 புள்ளி. 118இல் 20 சதவீதம் ஏறக்குறைய 24. வரம்புக்குள்தான் இருக்கிறீர்கள். தவிர, முதல் நாள் சென்சார் கொஞ்சம் தடுமாறும். இரண்டாம் நாளுக்குப் பிறகும், அம்பு படுத்திருக்கும் அமைதியான நேரத்தில், வெவ்வேறு வேளைகளில் மூன்று முறை வரம்பைத் தாண்டினால் அதை எழுதிவைத்துப் புகார் கொடுங்கள். அப்போது உங்கள் பக்கம் வலுவாக இருக்கும்.

புகார் கொடுக்கும் முன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். சென்சார் இருக்கும் பக்கமாகப் படுத்து அதை அழுத்தினால் இல்லாத லோவைக் காட்டும். புரண்டு படுத்த கொஞ்ச நேரத்தில் எண் தானாக ஏறிவிடும். அடுத்தது மருந்து. சில சென்சார்களை அதிக அளவு வைட்டமின் சி குழப்பும், சிலவற்றைப் பாரசிட்டமால், சிலவற்றை ஹைட்ராக்ஸியூரியா. இவை இல்லாத உயரத்தைக் காட்டக்கூடியவை. அந்த எண்ணை நம்பி இன்சுலின் போட்டால் ஆபத்து. எந்த மருந்து, எவ்வளவுக்கு மேல் என்பது ஒவ்வொரு சென்சாரின் கையேட்டிலும் இருக்கும். வாங்கும் முன் அந்தப் பக்கத்தை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

கேள்வி: 14 நாள் சென்சார் ஆறாம் நாளே கழன்று விழுந்துவிட்டது. ஈடு கேட்க முடியுமா?

கேளுங்கள். பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். விழுந்த சென்சாரைத் தூக்கி எறியாதீர்கள். திருப்பி அனுப்பச் சொல்லலாம். பெட்டியில் இருக்கும் லாட் எண், சீரியல் எண், மாட்டிய தேதி, திரையில் வந்த செய்தியின் படம் எல்லாம் கையில் இருக்கட்டும். தானாகப் பழுதாகி நின்றால் மாற்றித் தருவது வழக்கம். கதவில் இடித்து விழுந்ததற்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும். என்ன நடந்ததோ அதை அப்படியே சொல்லுங்கள்.

அடுத்த முறை மாட்டும் முன் அந்த இடத்தில் எண்ணெயோ கிரீமோ இல்லாமல் கழுவித் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகு ஒட்டுங்கள். மேலே போட்டு ஒட்டும் பேட்ச் உதவும். ஒட்டிய இடத்தில் சிவந்து கொப்புளம் வந்தால் பொறுத்துக்கொண்டு ஓட்ட வேண்டாம். ஒட்டுப்பசையில் உள்ள ஐசோபோர்னைல் அக்ரிலேட் போன்ற பொருள்கள் சிலருக்கு ஒவ்வாமை தரும் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். தோல் மருத்துவர் பரிசோதித்துச் சொன்னால், அந்தப் பொருள் இல்லாத வேறு சென்சாருக்கு மாறலாம்.

கேள்வி: குத்தாமலே சர்க்கரையைக் காட்டும் கைக்கடிகாரம் விளம்பரத்தில் பார்த்தேன். வாங்கலாமா?

வேண்டாம். தோலைத் துளைக்காமல் தானாகவே சர்க்கரையை அளக்கும் கடிகாரத்துக்கோ மோதிரத்துக்கோ அனுமதி தரவில்லை, அவற்றை நம்பாதீர்கள் என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிகளுக்கான கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. உடம்பில் ஒட்டிய சென்சாரின் எண்ணை வாங்கித் திரையில் காட்டும் கடிகாரம் வேறு, அது சரி. இன்சுலின் போடுகிற ஒருவர் பொய்யான எண்ணைப் பார்த்து டோஸ் போட்டால் உயிருக்கே ஆபத்து.

கேள்வி: தெரிந்தவர் ஒருவர் தன் பழைய பம்பைக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்கிறார். நன்றாக ஓடுகிறது. வாங்கலாமா?

ஓடுகிறது என்பது பாதிதான். பம்புக்கு வாரண்டி பெரும்பாலும் 4 வருடம், அதுவும் முதலில் வாங்கியவர் பெயரில். கை மாறினால் உங்களுக்கு உதவி எண்ணில் பதில் கிடைக்காமல் போகலாம். அதைவிட முக்கியம், அந்த மாடலுக்கான ரிசர்வாயரும் (இன்சுலின் நிரப்பும் குப்பி) செட்டும் இன்னும் எத்தனை வருடம் கிடைக்கும் என்பது. ஜான்சன் அண்ட் ஜான்சனின் அனிமாஸ் நிறுவனம் 2017 அக்டோபரில் பம்ப் தொழிலை விட்டு விலகுவதாக அறிவித்தது. நல்ல நிலையில் பம்ப் வைத்திருந்தவர்களும் வேறு பம்ப் தேட வேண்டியதாயிற்று.

அப்படியும் வாங்குவதாக இருந்தால் அதில் இருக்கும் பேசல் (நாள் முழுக்க ஓடும் இன்சுலின்), போலஸ் (சாப்பாட்டுக்கோ, ஏறிய சர்க்கரையை இறக்கவோ ஒரேயடியாகப் போடுவது) அளவுகள் முழுவதையும் அழித்து, உங்கள் மருத்துவரோடு உட்கார்ந்து புதிதாக அமையுங்கள். இன்னொருவரின் பேசல் உங்கள் உடம்பில் ஓடக் கூடாது. என் விருப்பத்தைக் கேட்டால், அந்தப் பணத்தைச் சென்சாருக்கு வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

கேள்வி: பம்ப் வாங்கி இரண்டு மாதம். இரண்டு முறை காலையில் 300க்கு மேல் எழுந்தேன். எந்த அலாரமும் அடிக்கவில்லை. பம்ப் பழுதா?

பம்பை விடவும் கேனுலா மேல்தான் எனக்குச் சந்தேகம். எனக்கே நடந்தது. படுக்கப் போகும் முன் செட் மாற்றினேன், தூங்கிவிட்டேன். விடியற்காலை 340, வாய் வறண்டு குமட்டல். பிடுங்கிப் பார்த்தால் கேனுலா கொக்கி மாதிரி வளைந்திருந்தது. அடைப்பு அலாரம் குழாயில் அழுத்தம் கூடினால்தான் அடிக்கும். பேசல் குறைவாக ஓடும்போது அந்த அழுத்தம் சேரவே பல மணி நேரம் ஆகும். இன்சுலின் வெளியே கசிந்து போனாலோ அழுத்தமே கூடாது, அலாரமும் வராது.

பம்பில் இருப்பது வேகமாக வேலை செய்யும் இன்சுலின் மட்டும்தான். நீண்ட நேரம் உடம்பில் நிற்கும் இன்சுலின் நமக்குள் இல்லை. ஓட்டம் நின்றால் சில மணி நேரத்திலேயே கீட்டோன் (இன்சுலின் இல்லாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் அமிலம்) சேர ஆரம்பித்துவிடும். வாங்கும்போது யாரும் இதை அழுத்திச் சொல்வதில்லை என்பது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

நான் இப்போது செய்வது இதுதான். செட்டைக் காலையில் அல்லது பகலில், சாப்பாட்டு போலஸுக்கு முன் மாற்றுகிறேன். உள்ளே போகிறதா இல்லையா என்று விழித்திருக்கும்போதே தெரிந்துவிடும். காரணம் தெரியாமல் சர்க்கரை 250ஐத் தாண்டினால் ரத்தக் கீட்டோன் பார்க்கிறேன் (கீட்டோன் எண்கள் மட்டும் மில்லிமோல் கணக்கில்). 0.6க்குக் கீழே என்றால் பம்பில் ஒரு முறை சரிசெய்து பார்ப்பேன். ஒன்றிரண்டு மணி நேரத்தில் இறங்காவிட்டால் பம்பை நம்ப மாட்டேன். பேனாவில் ஊசி போட்டுவிட்டு, புது இடத்தில் புது செட் மாட்டுவேன். 0.6க்கு மேல் என்றால் காத்திருக்காமல் நேராகப் பேனாதான். 1.5ஐத் தாண்டினால் மருத்துவரை அழைக்க வேண்டும். 3க்கு மேல் போனாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ உடனே மருத்துவமனை. உங்களுக்கான அளவுகளை மருத்துவரிடம் எழுதி வாங்கி, பம்ப் பையிலேயே வையுங்கள்.

ஆகவே பம்ப் வாங்கும் பட்டியலில் கீட்டோன் மீட்டர், அதன் ஸ்ட்ரிப், காலாவதி ஆகாத பேனா இன்சுலின் மூன்றும் இருக்க வேண்டும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தித் தோல் தடித்திருந்தாலும் இன்சுலின் சரியாக ஏறாது. வயிற்றைத் தடவிப் பாருங்கள், கட்டி தட்டுப்பட்டால் அந்த இடத்துக்கு ஓய்வு கொடுங்கள். இத்தனைக்கும் பிறகும் தொடர்ந்தால் நிறுவனத்தை அழைத்து வேறு வகை கேனுலா கேளுங்கள். சாய்வாகப் போவது, எஃகு ஊசி என்று வகைகள் உண்டு. ஒல்லியான உடம்புக்குச் சில வகைகள் நன்றாக அமையும்.

கேள்வி: முழுக்கத் தானியங்கி என்று ஒரு பம்பை விற்கிறார்கள். வாங்கினால் நான் எதையும் பார்க்க வேண்டாமா? இப்போதே அலாரம் தாங்க முடியவில்லை.

பெரும்பாலும் இவற்றை ஹைப்ரிட், அதாவது பாதி தானியங்கி, என்றுதான் சொல்வார்கள். 2016இல் எஃப்டிஏ அனுமதித்த மெட்ரானிக் 670ஜி இந்த வகையில் முதலாவது. சென்சார் எண்ணைப் பார்த்து பேசலைக் கூட்டிக் குறைக்கும், லோ வரப்போகிறது என்றால் நிறுத்தும். பின்னால் வந்தவை திருத்த போலஸையும் தானே கொடுக்கின்றன. ஆனால் சாப்பிடப் போகிறேன், இவ்வளவு மாவுச்சத்து என்று நீங்கள்தான் பொதுவாகச் சொல்ல வேண்டும். ராத்திரித் தூக்கம் நிஜமாகவே நன்றாகும்; அதற்காகவே நான் பரிந்துரைப்பேன். உங்கள் சென்சார் அந்தப் பம்போடு பேசுமா என்பதை முதலில் கேளுங்கள். எல்லாச் சென்சாரும் எல்லாப் பம்போடும் சேராது.

அலாரத்துக்கு வருகிறேன். ஹை அலாரத்தை 180இல் வைத்தால் நாள் முழுக்க அடிக்கும், ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் அணைத்துவிடுவீர்கள். 250இல் ஆரம்பித்து, பழகப் பழக இறக்குங்கள். 70 முதல் 180க்குள் நாளின் 70 சதவீதம் இருந்தாலே பெரும்பாலானவர்களுக்கு நல்ல இலக்கு என்பது 2019இல் சர்வதேச வல்லுநர்கள் ஒப்புக்கொண்ட கணக்கு. லோ அலாரத்தை மட்டும் அணைக்கவே அணைக்காதீர்கள்.

போன் வழியாக அலாரம் வருகிறது என்றால் இன்னொரு வேலையும் இருக்கிறது. அமைப்பு மாறியதாலும், போனின் மென்பொருள் புதுப்பித்ததாலும், ப்ளூடூத் இயர்போனோ காரோ இணைந்ததாலும் அலாரம் கேட்காமல் போவதாக 2025 பிப்ரவரியில் எஃப்டிஏ எச்சரித்தது. போனைப் புதுப்பித்த அன்று இரவு, தொந்தரவு செய்யாதே என்ற வசதியைப் போட்டுவிட்டு, அதையும் மீறி லோ அலாரம் ஒலிக்கிறதா என்று ஒரு முறை சோதித்துப் பார்த்துவிட்டுப் படுங்கள்.