வாய்ச்சொல்லுக்கு வல்லமை உண்டா? பெற்றவர்கள் விட்ட சாபம் பலிக்குமா?

உங்கள் கேள்வியில் இரண்டு விஷயம் இருக்கிறது. வாயால் சொல்வது அப்படியே நடக்கும் என்று நம் கிறிஸ்தவ சபைகளில் போதிக்கிறார்களே, அது உண்மையா என்பது ஒன்று. கோபத்தில் அம்மா "நீ உருப்படவே மாட்டே, பாரு" என்று சொல்லிவிட்டார், அது பலித்துவிடுமா என்பது இன்னொன்று. உங்களைத் தூங்கவிடாமல் செய்வது இரண்டாவதுதான் என்று எழுதியிருக்கும் விதத்திலேயே தெரிகிறது. இருந்தாலும் முதல் விஷயத்தைப் பேசிவிட்டு அதற்கு வருகிறேன். அதில் குழப்பம் இருக்கும்வரை இந்தப் பயமும் போகாது.

நான் வடசென்னையில், தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். இந்தப் பக்கம் தெருவுக்கு ஒரு சபை இருக்கும், மொட்டை மாடியில் தகரம் போட்டு நடத்துவது, வாடகை ஹால், பழைய பெரிய கோயில் என்று எல்லாமே உண்டு. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் வருகிற வருஷத்துக்கான வாக்குத்தத்த வசனத்தை, அதாவது தேவன் தரும் வாக்குறுதியாக ஒரு வேத வசனத்தை, அட்டையில் கொடுப்பார்கள். அந்த அட்டையைக் கொண்டுவந்து கதவில் ஒட்டி, வெளியே கிளம்பும்போதெல்லாம் வாய்விட்டுப் படித்துவிட்டுப் போகிற வீடுகள் எத்தனையோ. நல்ல பழக்கம். விடிவதற்கு முன்னால் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணி லாரிக்கு ஓடுகிற ஒருத்திக்கு அந்த ஒரு வரி எவ்வளவு தெம்பு தருகிறது என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதனால் வசனத்தை வாயால் அறிக்கை செய்யவே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் இதோடு சேர்ந்து இன்னொன்றும் வந்திருக்கிறது. காய்ச்சல் என்று சொல்லாதே, "சுகமாயிருக்கிறேன்" என்று சொல். காசில்லை என்று சொல்லாதே, சொன்னால் அதுவே நிலைத்துவிடும். நீ எதை அறிக்கை பண்ணுகிறாயோ அது உனக்கு நடக்கும். இந்தப் போதனையை இந்த வடிவத்தில் பரப்பியவர்கள் போன நூற்றாண்டு அமெரிக்கப் பிரசங்கிகள். இ. டபிள்யூ. கென்யன் (1867-1948) எழுதிவைத்ததை, ஓக்லஹோமா மாநிலம் டல்சாவில் ஊழியம் செய்த கென்னத் ஹேகின் (1917-2003) ஊரெல்லாம் கொண்டுபோனார், அப்புறம் டிவி வழியாக அது நம் தெரு ஜெபக்கூட்டம் வரை வந்துவிட்டது. அவர்கள் பிடித்துக்கொள்ளும் வசனம் மாற்கு 11:23, மலையைப் பார்த்துப் பெயர்ந்து போ என்று சந்தேகப்படாமல் சொன்னால் ஆகும் என்பது. சரி, இயேசு சொன்னதுதான். ஆனால் அதற்கு முந்தின வசனத்தில் "தேவனிடத்தில் விசுவாசமுள்ளவர்களாயிருங்கள்" என்கிறார், அடுத்த வசனத்தில் ஜெபத்தைப் பற்றிப் பேசுகிறார், அதற்கும் அடுத்ததில் நின்று ஜெபம்பண்ணும்போது ஒருவன்மேல் குறை இருந்தால் மன்னித்துவிடு என்கிறார். மலையை மட்டும் எடுத்துக்கொண்டு மன்னிப்பை விட்டுவிட்டுப் போவதற்கு நமக்கு யார் உரிமை கொடுத்தது?

இதனால் வருகிற காயத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் சபையில் ஒரு அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். கீமோ கொடுத்து முடியெல்லாம் கொட்டி, வாய் முழுக்கப் புண்ணாகி, கஞ்சிகூட இறங்காமல் படுத்திருந்தார். பார்க்க வந்த ஒருவர், "நீங்க எப்பவோ வாயால நெகட்டிவா அறிக்கை பண்ணிட்டீங்க, அதான் பிசாசு கதவைத் திறந்துட்டான்" என்று சொல்லி, ஜெபமும் பண்ணிவிட்டுப் போயிருக்கிறார். அன்று ராத்திரி முழுக்க அந்த அக்கா, தான் எந்த வருஷம் என்ன சொன்னோம் என்று யோசித்துக்கொண்டே கிடந்திருக்கிறார். மறுநாள் நான் போனபோது என்னைக் கேட்டார், "வலிக்குதுன்னு வாயால சொல்லலாமாம்மா, சொல்லக் கூடாதா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. சிலுவையில் தொங்கியபோது இயேசு "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று உரத்த சத்தமாய்க் கூப்பிட்டார்க்கா, "தாகமாயிருக்கிறேன்" என்றும் சொன்னார், அவரே சொல்லியிருக்கும்போது நீங்கள் வலிக்குது என்று சொன்னால் என்ன தப்பு என்றேன். நல்லதை மட்டும்தான் பேச வேண்டும் என்பது பரலோகத்தின் சட்டமாக இருந்தால், சங்கீதப் புத்தகத்தில் பாதியைக் கிழித்துப் போட வேண்டியிருக்கும். எவ்வளவு புலம்பல், எவ்வளவு "எதுவரைக்கும் கர்த்தாவே?" அப்போஸ்தலன் பவுல், அவருக்கு இல்லாத விசுவாசமா நமக்கு, தன்னோடு ஊழியம் செய்தவரைப் பற்றியே "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்" என்று வெளிப்படையாக எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). தன் இளம் உடன் ஊழியன் தீமோத்தேயுவின் வயிற்றுக்கோளாறுக்கு, அறிக்கை பண்ணு என்று சொல்லாமல், கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்று கைவைத்தியம் சொல்கிறார். பிள்ளைகள், சொத்து, உடல்நலம் எல்லாவற்றையும் இழந்த யோபுவைப் பார்க்க வந்த சிநேகிதர்கள் ஏழு நாள் தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள், அதுவரை நன்றாகத்தான் இருந்தது. வாயைத் திறந்து, நீ ஏதோ செய்திருப்பாய், அதனால்தான் இப்படி என்று ஆரம்பித்தார்கள். கடைசியில் தேவன் கோபப்பட்டது தன்னிடம் குமுறித் தீர்த்த யோபுவிடம் இல்லை, தனக்காக வக்காலத்து வாங்கிய அந்தச் சிநேகிதர்களிடம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கலந்து எண்ணூர் பக்கம் வீடுகளுக்குள் வந்ததே, படகு, வலை, சட்டிபானை எல்லாம் கறுப்பாகி, தொட்டால் கையெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது. "எல்லாம் போச்சு ஆண்டவரே" என்று தலையில் அடித்துக்கொண்ட பெண்களைப் பார்த்து அப்படிச் சொல்லாதீர்கள் என்று வாயை அடைக்க எனக்கு மனசு வராது. ஆண்டவரே என்று கூப்பிட்டுத்தானே சொல்கிறார்கள். அதுவும் ஜெபம்தான்.

அப்படியென்றால் வார்த்தைக்கு வல்லமையே இல்லையா? இருக்கிறது, நாம் நினைப்பதைவிட அதிகமாகவே இருக்கிறது. "மரணமும் ஜீவனும் நாவின் அதிகாரத்திலிருக்கும்" என்று நீதிமொழிகள் 18:21 சொல்வதை நான் ஒரு எழுத்துகூடக் குறைக்கமாட்டேன். "வெளிச்சம் உண்டாகக்கடவது" என்றார் தேவன், வெளிச்சம் உண்டாயிற்று; இல்லாததைச் சொல்லி உண்டாக்குவது அவருக்கு மட்டும் உரியது. நம் வாய்க்குக் கொடுத்திருக்கும் வல்லமை வேறு. அது போய் விழும் இடம் இன்னொரு மனுஷனின் காது. அங்கிருந்து உள்ளே இறங்கினால் வருஷக்கணக்கில் குடியிருக்கும்.

காசிமேடு பக்கம் எங்கள் சபை நடத்தும் மாலை டியூஷனில் நான் பாடம் எடுக்கிறேன். எட்டாவது படிக்கிற பையன் ஒருவன் புத்தகத்தை நீட்டினாலே "எனக்குப் படிப்பு வராது மிஸ்" என்பான். வருத்தத்தோடு சொல்லமாட்டான், பேர் என்ன என்று கேட்டால் பேரைச் சொல்வோமே அந்த மாதிரி சாதாரணமாகச் சொல்வான். யாருடா சொன்னது என்று கேட்டால், "எல்லாரும்தான், நைனாகூட சொல்லும்." அது அவன் கண்டுபிடித்த வாக்கியம் கிடையாது, பெரியவர்கள் சொல்லிச் சொல்லி அவனுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. பெருக்கல் வாய்ப்பாடு பாதியில் நிற்கிறது, இது மட்டும் நிற்காமல் வருகிறது. மத்தேயு 5:22-ல் இயேசு கொலையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்து, அதே மூச்சில் சகோதரனை வீணன் என்று சொல்லுகிறவனையும் மூடனே என்று சொல்லுகிறவனையும் சேர்த்து எரிநரகம் வரைக்கும் கொண்டுபோகிறார். சின்ன வயதில் இது கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது. இந்தப் பையன்களைப் பார்த்த பிறகு அப்படித் தெரியவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். வடசென்னைக்காரர்கள் என்றால் வாய் சரியில்லை என்று ஒரு பேர் இருக்கிறது. சினிமாவிலும் சரி, வேலைக்குப் போகிற ஆபீஸிலும் சரி, "இன்னாபா", "குந்து" என்று நாலு வார்த்தை வந்தவுடனே ஆளை எடைபோட்டுவிடுகிறார்கள். கரடுமுரடாகப் பேசுவது வேறு, காயப்படுத்தப் பேசுவது வேறு. மீன்பிடித் துறைமுகத்தில் எனக்குத் தெரிந்த ஒரு ஆயா இருக்கிறது. "கஸ்மாலம், இன்னிக்குத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றுதான் வரவேற்கும். வஞ்சிரத்தைச் செதில் எடுத்துத் துண்டு போட்டுக்கொண்டே, வீட்டில் யாருக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒவ்வொருவராகக் கேட்கும், மீதிச் சில்லறையைக் கையில் வைத்து அழுத்தி "கர்த்தர் உன்ன நல்லா வெப்பாரு, போ" என்று சொல்லி அனுப்பும். முதல் போணியோ கடைசிப் போணியோ, யாரையும் அந்த வார்த்தை இல்லாமல் அனுப்பி நான் பார்த்ததில்லை. இன்னொரு பக்கம், சுத்தமான தமிழில், குரலே உயர்த்தாமல், ஒரு பிள்ளையை நிமிரவே முடியாமல் செய்துவிடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். யாக்கோபு தன் நிருபத்தில் நாவைப் பற்றி எழுதும்போது உச்சரிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, பிதாவாகிய தேவனைத் துதிக்கிற அதே நாவால் அவர் சாயலில் உண்டான மனுஷரைச் சபிக்கிறோமே, "இப்படியிருக்கலாகாது" என்றுதான் சொல்கிறார்.

இயேசுவின் சீஷன் பேதுருவை எடுத்துக்கொள்ளுங்கள். ராயபுரத்தில் படகோட்டிச் சமூகத்தார் அந்தக் காலத்தில் எழுப்பிய ராயப்பர் கோயில் அவர் பேரில்தான் இருக்கிறது, மீன்பிடிக்கிறவருக்கு மீன்பிடிக்கிறவர்கள் கட்டிய கோயில். இயேசுவைப் பிடித்துக்கொண்டுபோன ராத்திரி அவர் முற்றத்தில் நெருப்புக் காய்ந்துகொண்டிருந்தபோது, "உன் பேச்சு உன்னை வெளிப்படுத்துகிறது" என்று பிடித்துவிட்டார்கள். கலிலேயாக்காரன் பேச்சு, எருசலேமில் ஒட்டவில்லை. உடனே அந்த மனுஷனை அறியேன் என்று சபிக்கவும் சத்தியம் பண்ணவும் ஆரம்பித்தார், மூன்று தரம் மறுதலித்தார். நாவு செய்யக்கூடிய துரோகத்தில் இதற்கு மேல் என்ன இருக்கிறது? ஆனால் உயிர்த்தெழுந்த பிறகு இயேசு அவருக்கு என்ன செய்கிறார் பாருங்கள் (யோவான் 21). கரையில் கரிநெருப்பு போட்டு, மீனும் அப்பமும் வைத்து, வாருங்கள், சாப்பிடுங்கள் என்கிறார். சாப்பிட்டு முடித்த பிறகு, "நீ என்னை நேசிக்கிறாயா?" மூன்று தரம் கேட்கிறார். மூன்று தரம் இல்லை என்று சொன்ன வாயை மூன்று தரம் ஆம் என்று சொல்லவைக்கிறார், அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னாய் என்று ஒரு கேள்வி கிடையாது. அப்புறம் பெந்தெகொஸ்தே பண்டிகை நாளில் அதே வாய், அதே கலிலேயப் பேச்சு, எழுந்து நின்று பிரசங்கித்தது, அன்று மட்டும் ஏறக்குறைய 3000 பேர் சபையில் சேர்க்கப்பட்டார்கள். சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது என்பார்கள், சரிதான். ஆனால் அதன் மேல் வேறொரு சொல்லை வைக்கலாம் என்பதற்கு எனக்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

இப்போது உங்கள் அம்மா விஷயம். நம் ஊரில் பெற்ற வயிறு எரிந்து சொன்னால் பலித்துவிடும் என்ற பயம் மதம் பார்க்காமல் எல்லோருக்கும் இருக்கிறது, ஞானஸ்நானம் எடுத்தவுடன் அது தானாகப் போய்விடுவதில்லை. வேதம் என்ன சொல்கிறது என்றால், அடைக்கலான் குருவி அலைந்துபோவது போலவும் தகைவிலான் குருவி பறந்துபோவது போலவும் "காரணமில்லாமல் இட்ட சாபம் தங்காது" (நீதிமொழிகள் 26:2). காரணம் இருந்தது, நான் அம்மாவை நோகடித்தேன் என்று நீங்கள் சொல்லலாம். அதற்கும் பதில் இருக்கிறது, கலாத்தியர் 3:13-ல் கிறிஸ்து நமக்காகச் சாபமானார் என்று எழுதியிருக்கிறது. மரத்தில் தொங்கி அவர் சுமந்து முடித்த பிறகு உங்கள் பங்குக்குத் தனியாக ஒன்று பாக்கி கிடையாது. மோவாப் ராஜா, பிலேயாம் என்ற குறிசொல்கிறவனைக் கூலிக்கு அமர்த்தி இஸ்ரவேலரைச் சபிக்கச் சொன்னபோதே, கர்த்தர் அவன் வாயிலிருந்து ஆசீர்வாதத்தை வரவழைத்தாரே, நினைத்துப் பாருங்கள். சாபம் முறிக்கிறேன், காணிக்கை கொண்டு வா என்று யாராவது சொன்னால் அங்கே போகாதீர்கள். தயவுசெய்து போகாதீர்கள்.

ஆனால் அந்த வார்த்தை உங்கள் காதில் விழுந்து உள்ளே உட்கார்ந்திருக்கிறதே, அது உண்மை. இன்டர்வியூ போகும்போதும் ஏதாவது புதிதாக ஆரம்பிக்கும்போதும் அது காதுக்குள் கேட்கும், கை பின்வாங்கும், அப்புறம் பலித்துவிட்டது என்று தோன்றும். அதைத் தனியாக உள்ளுக்குள் வைத்துக்கொண்டு போராட வேண்டாம். அம்மா உயிரோடு இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், போய்ப் பாருங்கள். விளக்கமெல்லாம் கேட்க வேண்டாம். பெரும்பாலான அம்மாக்களுக்குத் தாங்கள் அப்படிச் சொன்னதே ஞாபகம் இருக்காது. வீட்டு வாடகை, மருந்துச் செலவு, அன்றைக்கு யார் மேலேயோ இருந்த ஆத்திரம், எல்லாம் சேர்ந்து அந்த வாயில் வந்திருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, தலையில் கை வைத்து எனக்காக ஒரு ஜெபம் பண்ணும்மா" என்று கேளுங்கள். ஜெபம் பண்ணத் தெரியாது என்று சொன்னால் எண்ணாகமம் 6:24-ஐத் திறந்து கையில் கொடுங்கள், "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்" என்று ஆரம்பிக்கும், மூன்றே வசனம், 26-ல் முடிந்துவிடும். கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தாலும் போதும். தனக்கு வரவேண்டிய ஆசீர்வாதத்தைத் தம்பி யாக்கோபு வாங்கிக்கொண்டபோது, ஏசா தன் தகப்பன் ஈசாக்கிடம் அலறி அழுது கேட்டதும் இதைத்தான், "என் தகப்பனே, என்னையும் ஆசீர்வதியும்." வளர்ந்த ஆண்பிள்ளை, வேட்டைக்காரன், கேட்க வெட்கப்படவில்லை. நீங்களும் கேளுங்கள்.