ஹோம்ஸின் இடது கை – கடிதம்

அன்புள்ள ஐயா,

முகமது அலியின் கடைசிக் காலச் சண்டைகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அதில் போகிற போக்கில் லாரி ஹோம்ஸை ‘குத்துச்சண்டையின் மிகக் கனத்த எடைப் பிரிவான ஹெவிவெயிட் வரலாற்றின் முதல் ஐந்து பேரில் ஒருவர்’ என்று சொல்லியிருந்தீர்கள். என்னால் அதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ஹோம்ஸ் வென்ற அலிக்கு அப்போது வயது 38. கால் நகரவில்லை, கை எழவில்லை. அலியின் பெரிய எதிராளிகளான ஃப்ரேசியரும் ஃபோர்மேனும் அதற்கு முன்பே விலகிவிட்டார்கள். ஆள் இல்லாத களத்தில் ஏழு வருடம் பட்டத்தை வைத்திருந்தது அப்படி என்ன பெரிய சாதனை? தன்னைவிட எடை குறைந்த மைக்கேல் ஸ்பிங்க்ஸிடம் இரண்டு முறை தோற்றார். டைசன் நாலே சுற்றில் அவரைப் படுக்க வைத்தார். இறந்துபோன பழைய சாம்பியன் மார்சியானோவைப் பற்றி அவர் பேசிய பேச்சை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. 52 வயது வரை ரிங்கை விட்டு இறங்க மனமில்லாமல் ஆடிக்கொண்டிருந்தவர் வேறு. அலிக்கும் டைசனுக்கும் நடுவே காலியாகக் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் என்பதைத் தாண்டி அவரிடம் நீங்கள் என்ன பார்க்கிறீர்கள்?

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கோபம் எனக்குப் புதிதல்ல. பல வருடங்கள் நானும் ஹோம்ஸை வெறுத்தவன்தான். காரணம் 1980 அக்டோபர் 2. லாஸ் வேகாஸில் அன்று நடந்ததை முதன்முதலாகப் பதிவில் பார்த்தபோது பாதியில் நிறுத்திவிட்டேன். அலி அடி வாங்குவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அடிப்பவர் மீது ஆத்திரம் வந்தது. வெகுகாலம் கழித்து அதே பதிவை, இந்த முறை ஹோம்ஸின் முகத்தை மட்டும் கவனித்துக்கொண்டு, முழுவதும் பார்த்தேன். என் எண்ணம் மாறத் தொடங்கியது அங்கேதான்.

அடித்துவிட்டு அவர் ரெஃப்ரியைப் பார்க்கிறார். திரும்பவும் பார்க்கிறார். நிறுத்துங்கள் என்று கெஞ்சுகிற பார்வை அது. பத்தாவது சுற்று முடிந்ததும் அலியின் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ சண்டையை நிறுத்தினார். அதுவரை மூன்று நீதிபதிகளும் எல்லாச் சுற்றுகளையும் ஹோம்ஸுக்கே கொடுத்திருந்தார்கள். ஜெயித்த ஹோம்ஸ் அழுதார். எழுபதுகளின் தொடக்கத்தில் அலியின் பயிற்சி முகாமில் ஸ்பாரிங் ஆளாக, அதாவது பயிற்சிக்காக எதிரே நின்று மோதுபவராகக் கூலிக்கு அடி வாங்கி வளர்ந்தவர் அவர். அலி குத்திக் கண் வீங்கியபோது ஐஸ் வைக்க மறுத்துவிட்டாராம். ஊருக்குப் போய் இது அலி கொடுத்தது என்று காட்ட வேண்டும் என்பதற்காக. இதை அவரே சொல்லியிருக்கிறார். பீஷ்மர் மீது அம்பு விட நேர்ந்த அர்ச்சுனன்தான் எனக்கு நினைவுக்கு வருகிறான். விடாமலும் இருக்க முடியாது, விட்டபின் நிம்மதியும் கிடையாது. அந்த வெற்றியை ஹோம்ஸின் கணக்கில் நான் சேர்ப்பதே இல்லை. அதை வைத்து அவரைப் பெரியவர் என்றும் சொல்லக்கூடாது, சிறியவர் என்றும் சொல்லக்கூடாது.

சரி, ‘ஆள் இல்லாத களம்’ என்கிறீர்கள். ஹோம்ஸ் யாரை அடித்தார் என்று பாருங்கள். 1979இல் மைக் வீவர். அடுத்த வருடமே அவர் டபிள்யூபிஏ என்ற அமைப்பின் உலகச் சாம்பியன். 1981இல் ட்ரெவர் பெர்பிக். 1986இல் டபிள்யூபிசி என்ற இன்னொரு அமைப்பின் சாம்பியன். 1983இல் டிம் விதர்ஸ்பூன், 1984இல் சாம்பியன். 1984இல் ஜேம்ஸ் ஸ்மித், 1986இல் சாம்பியன். இந்த நாலு பேரும் ஹோம்ஸிடம் தோற்ற பிறகுதான் உலகப் பட்டம் வாங்கினார்கள். ஒரே ஆள் எல்லோரையும் ஜெயித்துக்கொண்டே போனால், தோற்றவர்கள் எல்லோரும் சுமாரானவர்களாகத்தான் நம் கண்ணுக்குத் தெரிவார்கள். பழைய சாம்பியன் ஜோ லூயிஸுக்கும் இதே குறையைச் சொன்னவர்கள் உண்டு. லூயிஸ் 25 முறை பட்டத்தைக் காத்தார், ஹோம்ஸ் 20 முறை. அதில் முதல் எட்டும் எதிராளி கடைசிச் சுற்றைப் பார்க்காமல் முடிந்தவை.

ஆனால் எண்களை வைத்து உங்களை மாற்ற நான் விரும்பவில்லை. ஹோம்ஸ் என்றால் எனக்கு அவருடைய இடது கைதான். முன்னால் இருக்கும் கையால் நேராக விடும் குத்தான ஜாப், குத்துச்சண்டையின் அரிச்சுவடி. முதல் நாள் சொல்லித்தருவது அதைத்தான். தூரத்தை அளப்பது, எதிராளி கால் ஊன்றும் நேரத்தைக் கெடுப்பது, கண்ணை மறைப்பது, பின்னால் வரும் வலது கைக்கு வழி திறப்பது, எல்லாம் அதன் வேலை. அலிக்கு முந்தைய சாம்பியன் சன்னி லிஸ்டனின் ஜாப் உலக்கை இடிப்பது மாதிரி. அலியின் ஜாப் சாட்டை சொடுக்குவது மாதிரி. ஹோம்ஸிடம் இரண்டும் இருந்தன. ஆறடி மூன்றங்குல உயரம், 81 அங்குலக் கைவீச்சு. ஒன்று விட்டால் பின்னாலேயே இன்னொன்று வரும், சில நேரம் மூன்றாவதும். விட்ட கை கீழே தாழாமல் போன வழியே திரும்பி வரும். சாதாரணமாக ஜாப் என்பது அடிக்கு முந்தைய அடி. ஹோம்ஸின் ஜாப்பே எதிராளியின் கண்ணை வீங்கவைத்து உதட்டைக் கிழித்துவிடும்.

அந்தக் கையின் கதையில் 1978 ஜூன் 9 முக்கியமான நாள். எதிரே அப்போதைய சாம்பியன் கென் நார்ட்டன், 1973இல் அலியின் தாடையை உடைத்தவர். சண்டைக்குச் சில நாட்கள் முன்பு பயிற்சியில் ஹோம்ஸின் இடது புஜத் தசை கிழிந்திருந்தது. அவருடைய ஒரே பெரிய ஆயுதம் அந்தக் கை. தள்ளிப்போட்டால் வாய்ப்பு திரும்ப வருமோ வராதோ. 12 பிள்ளைகள் இருந்த வீட்டிலிருந்து வந்தவர், ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டுக் கார் கழுவப் போனவர். அந்த வாழ்க்கை தள்ளிப்போடச் சொல்லித் தரவில்லை. கிழிந்த கையோடு ஏறினார்.

முதல் பாதி ஹோம்ஸ் கையில் இருந்தது. பிறகு நார்ட்டன் நெருங்கி நெருங்கி வந்து வயிற்றிலும் விலாவிலும் அடித்துச் சுற்றுகளைத் திரும்பப் பிடித்தார். 14 சுற்று முடிந்தபோது மூன்று நீதிபதிகளின் தாளிலும் புள்ளிகள் சரிசமம். அந்தப் பதினைந்தாவது சுற்று ஹெவிவெயிட் வரலாற்றின் மிகச் சிறந்த சுற்றுகளில் ஒன்று என்பேன். இரண்டு பேரும் பின்வாங்கவில்லை. தடுப்பதை ஏறக்குறைய மறந்துவிட்டார்கள். கடைசி நேரத்தில் அதிகம் குத்தியது ஹோம்ஸ்; நார்ட்டன் தள்ளாடுகிறார், மணி அடிக்கிறது. இரண்டு நீதிபதிகள் 143-142 என்று ஹோம்ஸுக்கு, மூன்றாமவர் அதே கணக்கில் நார்ட்டனுக்கு. ஒரே ஒரு சுற்றில் கிடைத்த பட்டம். நீங்கள் சொல்லும் காலி நாற்காலிக்கு இப்படிப் போய்ச் சேர வேண்டியிருந்தது.

அப்புறம், விழுந்து எழுவது. 1979 செப்டம்பரில் எர்னி ஷேவர்ஸின் வலது கை ஏழாவது சுற்றில் ஹோம்ஸைச் சாய்த்தது. ஷேவர்ஸின் குத்தைப் போல வலுவான குத்தை வாங்கியதில்லை என்று அவரோடு மோதியவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். ஹோம்ஸ் மல்லாந்து விழுந்தது முழு மனிதனின் விழுகை. எழுந்தார். எழுந்ததோடு நிற்காமல் பதினோராவது சுற்றில் ஷேவர்ஸை முடித்தும் வைத்தார். 1981இல் ரெனால்டோ ஸ்னைப்ஸ் சண்டையிலும் இதே கதை: ஏழாவதில் விழுந்தார், பதினோராவதில் ஜெயித்தார். முன்னணியில் இருக்கும்போது அழகாக ஆடுகிறவர்கள் நிறைய. காலுக்குக் கீழே தரை இல்லாதபோது புத்தி தெளிவாக இருப்பவர்கள் மிகச் சிலர். ஹோம்ஸை நான் முதல் ஐந்தில் வைப்பது இதற்காகத்தான்.

1982இல் ஜெர்ரி கூனி. அமெரிக்காவின் பழைய நிறவெறி அந்தச் சண்டையின் விளம்பரத்திலேயே வெளிப்படையாக இருந்தது. கூனியை ‘வெள்ளையரின் நம்பிக்கை’ என்று விற்றார்கள். சாம்பியனைக் கடைசியாக அறிமுகம் செய்வதுதான் மரபு; அன்று கூனியைக் கடைசியாக அழைத்தார்கள். ஹோம்ஸுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. 13வது சுற்றில் அவர் கூனியை முடித்துவைத்தார். அந்த நேரம் இரண்டு நீதிபதிகளின் தாளில் ஹோம்ஸ் இரண்டே புள்ளிதான் முன்னால். இடுப்புக்குக் கீழே குத்தியதற்காகக் கூனிக்கு மூன்று புள்ளி குறைக்காமல் இருந்திருந்தால் அந்த இரண்டு தாளிலும் கூனிதான் முன்னால் இருந்திருப்பார். அந்த 12 சுற்றுகளையும் நீங்களே பார்த்துப் புள்ளி போடுங்கள், அந்தத் தாள்கள் எவ்வளவு ஒருதலையானவை என்று புரியும். கூனி நல்ல மனிதர் என்பதையும் சொல்ல வேண்டும். பின்னாளில் இருவரும் நண்பர்களானார்கள்.

உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. நீங்கள் எழுதாத ஒன்றை நானே சொல்கிறேன், ஏனென்றால் ஸ்பிங்க்ஸ் தோல்வியைவிட எனக்கு அதுதான் உறுத்தல். 1983இல் பட்டத்துக்கு அடுத்து போட்டியிட வேண்டியவரான கிரெக் பேஜோடு மோத வேண்டிய கட்டாயம் வந்தது. ஹோம்ஸ் மோதவில்லை. அதற்குப் பதிலாக அனுபவம் குறைந்த மார்விஸ் ஃப்ரேசியரை, ஜோ ஃப்ரேசியரின் மகனை, ஒரே சுற்றில் அடித்துப் போட்டார். அங்கேயும் அடிப்பதற்கு நடுவே ரெஃப்ரியை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார் என்பது உண்மை. ஆனால் அந்தச் சண்டையே நடந்திருக்கக் கூடாது. பிறகு டபிள்யூபிசி பட்டத்தை விட்டுவிட்டு, புதிதாக வந்திருந்த ஐபிஎஃப் என்ற அமைப்பின் பக்கம் போனார். பேஜ், அப்போதைய இன்னொரு முன்னணி வீரர் பிங்க்லன் தாமஸ் இருவரையும் அவர் சந்திக்கவே இல்லை. அந்த இரண்டு வருடங்கள் அவருடைய கணக்கில் பெரிய ஓட்டை, மறைக்க முடியாது.

1985 செப்டம்பரில் அவர் 48-0, அதாவது 48 வெற்றி, தோல்வியே இல்லை. இன்னும் ஒன்று ஜெயித்தால் மார்சியானோவின் 49-0. ஸ்பிங்க்ஸ் அப்போது எடை குறைந்த பிரிவான லைட் ஹெவிவெயிட்டின் சாம்பியன். பட்டத்தோடு மேலே வந்து ஹெவிவெயிட் பட்டத்தையும் வென்ற முதல் ஆள் அவர்தான். ஹோம்ஸுக்கு 35 வயது, கால் கனத்திருந்தது. தோற்றது நியாயமாகத்தான். அதற்குப் பிறகு பத்திரிகையாளர்கள் முன்னால் மார்சியானோவை மட்டம் தட்டிப் பேசியதும் தவறு. பின்னர் அதற்கு மன்னிப்புக் கேட்டார். ஏழு வருடம் சாம்பியனாக இருந்தும் ‘நீ அலி இல்லை’ என்று தினம் கேட்டுக்கொண்டே இருந்தவருக்குள் சேர்ந்திருந்த கசப்பு அன்று தவறான ஆள் மீது கொட்டியது. அதே ஸ்பிங்க்ஸோடு 1986இல் நடந்த மறுசண்டையில் மூன்று நீதிபதிகளில் ஒருவர் ஹோம்ஸுக்குக் கொடுத்தார். நானும் அவருக்குத்தான் கொடுப்பேன்.

டைசன் சண்டை 1988 ஜனவரியில். கிட்டத்தட்ட இரண்டு வருடம் ஆடாமல் இருந்துவிட்டு 38 வயதில் வந்த ஹோம்ஸை, 21 வயது டைசன் அடித்தார். அலியின் 38ஐக் கணக்கில் எடுக்கும் நீங்கள் ஹோம்ஸின் 38ஐயும் எடுக்க வேண்டும். 75 சண்டைகளில் அவரை முடித்துவைத்தது அந்த ஒரு இரவு மட்டும்தான். அதற்கும் நாலு வருடம் கழித்து, 42 வயதில், சியோல் ஒலிம்பிக் தங்கம் வென்ற, அதுவரை தோற்காத ரே மெர்சரைக் கயிற்றில் சாய்ந்துகொண்டே 12 சுற்றும் பாடம் நடத்தி ஜெயித்தார். இடது கைக்கு மட்டும் வயதாகவில்லை. 2002இல் ஆடிய கடைசிச் சண்டை தேவையில்லாதது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பணம் இல்லாத கொடுமையால் ஆடினார் என்று நினைக்காதீர்கள். வரிக்கடனில் சிக்கிச் சீரழிந்த லூயிஸின் கதை அவருக்கு நேரவில்லை. சம்பாதித்ததைத் தான் வளர்ந்த, பென்சில்வேனியாவின் ஈஸ்டனிலேயே நிலத்திலும் கட்டடத்திலும் போட்டார். கார் கழுவிய அந்த ஊரில் இன்று ஒரு சாலைக்கு அவர் பெயர்.

பட்டியலுக்கு வருகிறேன். அலி, லூயிஸ் இருவரையும் யாராலும் அசைக்க முடியாது. மூன்றாவது ஃபோர்மேன். நாலாவது இடத்தில் ஹோம்ஸ், ஐந்தாவதில் முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியன் ஜாக் ஜான்சன். இருபதுகளின் சாம்பியன் டெம்ப்ஸி எங்கே என்று கேட்பீர்கள். கிரெக் பேஜைச் சந்திக்காதது ஹோம்ஸின் குறை என்றால், கறுப்பின வீரர் ஹாரி வில்ஸுக்குக் கடைசிவரை பட்டச் சண்டை கிடைக்காமல் போனது டெம்ப்ஸியின் காலத்துக்கும் பெரிய குறைதான். உங்கள் ஐந்து பேர் யார் என்று எழுதுங்கள். அதில் மார்சியானோ இருந்தால், அவர் யாரை அடித்ததற்காக அங்கே இருக்கிறார், அப்போது அவர்களுக்கு என்ன வயது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்.