கோல்ட் ப்ராசஸ் முறையில், அதாவது கலவையை அடுப்பில் வேகவைக்காமல், சோப்பு செய்யும்போது எண்ணெயும் காஸ்டிக் சோடா கரைசலும் ஒரே வெப்பநிலையில் இருக்க வேண்டுமா?

அவசியமில்லை. இரண்டும் 38 முதல் 43 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும் என்று பலர் சொல்லித் தருவது, புதிதாகச் செய்பவர்களுக்கு வசதியான ஓர் எல்லையே தவிர, மீறக்கூடாத விதி அன்று. இரண்டும் கலந்த பின் கலவை எந்த வெப்பநிலையில் நிற்கிறது என்பதையே பார்க்க வேண்டும். செய்முறையில் உள்ள கொழுப்புகளில் எளிதில் உறையக்கூடியது எதுவோ, அது உறையாத அளவுக்குச் சூடு இருந்தால் போதும்.

தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரியில் உருகும். கோகோ வெண்ணெய்க்கு 34 முதல் 38 வரையும், தேன்மெழுகுக்கு 62க்கு மேலும் தேவை. ஆகவே தேங்காய் எண்ணெய், ஆலிவ் எண்ணெய், விளக்கெண்ணெய் ஆகிய மூன்றை மட்டும் வைத்துச் சென்னையில் செய்பவர், ஆண்டின் பெரும்பகுதியில் எண்ணெயைச் சூடாக்கவே வேண்டியதில்லை. அதே செய்முறையை டிசம்பரில் ஊட்டியில் செய்தால் கதை வேறு. குளிர்ந்த கலவையில் கொழுப்பு உறையத் தொடங்கி, ட்ரேஸ் (எண்ணெயும் கரைசலும் பிரியாமல் ஒன்றுகலந்து கெட்டியாகும் நிலை) வந்துவிட்டதைப் போலவே கெட்டியாகத் தோன்றும். அதை நம்பி அச்சில் ஊற்றினால் பிறகு எண்ணெய் தனியே பிரிந்து நிற்கும். ஐயம் இருந்தால் பாத்திரத்தை வெந்நீரில் சற்று நேரம் வைத்துப் பாருங்கள். பொய்யான ட்ரேஸ் இளகி நீர்த்துவிடும். உண்மையானது மேலும் கெட்டிப்படும்.

கரைசலைப் பொறுத்தவரை, ஒரு பங்கு காஸ்டிக் சோடாவை இரு பங்கு தண்ணீரில் கரைத்தால் வெப்பம் எளிதாக 80 டிகிரியைத் தாண்டும். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, சோடாவைத்தான் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டும். மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் அறவே கூடாது.

நம் ஊர் வெயிலில் உண்மையான தொல்லை ஊற்றிய பிறகுதான் தொடங்குகிறது. அச்சைத் துண்டால் சுற்றி வைக்கச் சொல்வது குளிர்நாட்டு வழக்கம். தேங்காய் எண்ணெய் மிகுந்த சோப்பு தன் வினையிலேயே நன்றாகச் சூடேறும். மே மாதத்தில் அதைப் போர்த்தி வைத்தால் நடுவில் பொங்கி வெடிக்கும். தேன், பால், சர்க்கரை சேர்த்திருந்தால் சூடு இன்னும் கூடும் என்பதால், கலவையை 30 டிகிரிக்கு அருகில் ஊற்றி, அச்சை மூடாமல் மின்விசிறிக்கு அடியிலோ குளிர்சாதனப் பெட்டியிலோ வைப்பது நல்லது. வெட்டும்போது நடுவில் மட்டும் அடர்நிறத்தில் ஒரு வட்டம் தெரிந்தால், சோப்பின் மையப் பகுதி மட்டும் ஜெல் நிலையை, அதாவது சூட்டில் சோப்பு இளகி ஊடுருவித் தெரியும் நிலையை, எட்டியிருக்கிறது என்று பொருள். தோற்றக் குறைதான், தாராளமாகப் பயன்படுத்தலாம்.

வெப்பத்தை அளக்கும் முன் நன்றாகக் கிளறுங்கள். அகச்சிவப்புத் தெர்மாமீட்டர் மேற்பரப்பை மட்டுமே காட்டும். பளபளக்கும் எவர்சில்வர் பாத்திரத்தின் மீது நீட்டினால் அதுவும் தவறாகவே காட்டும். எவர்சில்வர் முனையுள்ள, உள்ளே அமிழ்த்தி அளக்கும் சமையல் தெர்மாமீட்டரே இந்த வேலைக்கு ஏற்றது.