டயர் கேள்வி பதில்: கடைக்குப் போகும் முன் ஒரு தடவை குனிந்து பாருங்கள்

20 வருஷமாக டயர் கழற்றி மாட்டுகிறவன் நான். கார் டயர் பற்றி மட்டும் கேளுங்கள். இந்த முறை வந்த கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான். அதற்கு ஒரு தடவைதான் பதில்.

கே: அண்ணா, என் கார் டயர் 225/45R17 94W. வெயில், மழை எல்லாம் உண்டு, குளிர்காலத்தில் நாலைந்து நாள் பனியும் விழும். ஹை பெர்ஃபார்மன்ஸ் ஆல் சீசன் போடலாமா, சம்மர் டயரே போதுமா?

ப: உங்களுக்கு ஆல் சீசன்தான். சம்மர் டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கும். உறைகுளிரில் விரலால் அழுத்திப் பாருங்கள், மரக்கட்டை மாதிரி இருக்கும். அந்த நிலையில் சாலை காய்ந்திருந்தாலும் பிடிப்பு குறைவுதான். ஆல் சீசன் ரப்பர் அந்தக் குளிரிலும் வளைந்து கொடுக்கும். பட்டன்களில், அதாவது சாலையைத் தொடும் ரப்பர் கட்டிகளில், மெல்லிய கீறல்கள் நிறைய இருக்கும், அவை பனியைக் கவ்வும்.

ஆனால் ஹை பெர்ஃபார்மன்ஸ் ஆல் சீசன் என்பது ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். நல்ல வெயிலில் பிரேக் பிடித்தால் சம்மர் டயர் இதற்கு முன்னால் நின்றுவிடும். பனிக்கட்டி மேல் விண்டர் டயர்தான் நிற்கும். நடுவில் இருக்கிற பத்து மாதத்துக்கு இது. மலையும் அதற்குள் பனித்துளி நட்சத்திரமும் போட்ட முத்திரை டயரில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பனியில் சோதித்துத் தேறிய டயர். வெறும் M+S (சேறு, பனி) எழுத்தை நம்பாதீர்கள், அது பட்டன் அமைப்பைப் பார்த்து கம்பெனியே போட்டுக்கொள்வது. முத்திரை இருந்தாலும் ஒரு விஷயம் நினைவிருக்கட்டும்: அந்தச் சோதனை பெரும்பாலும் பனியில் இழுத்துக்கொண்டு கிளம்புவதைத்தான் அளக்கிறது, நிற்பதை அல்ல.

94 என்றால் ஒரு டயர் 670 கிலோ தாங்கும். W என்றால் 270 கி.மீ. வேகம் வரை. இரண்டிலும் குறைத்து வாங்காதீர்கள்.

கே: ட்ரெட்வேர் 500 போட்ட டயர் 300-ஐ விட நல்லதுதானே?

ப: அதிக நாள் உழைக்கலாம், அவ்வளவுதான். 100 என்று வைத்த ஒரு மாதிரி டயரோடு ஒப்பிட்டு, அந்தந்த கம்பெனியே கொடுத்துக்கொள்ளும் எண் அது. ஒரே கம்பெனியின் இரண்டு டயரை ஒப்பிட உதவும். இந்த கம்பெனி 500, அந்த கம்பெனி 400 என்று கணக்குப் போட்டால் ஏமாறுவீர்கள். பக்கத்தில் Traction என்று போட்டிருக்கும் AA, A கூட ஈரத்தில் நேர்கோட்டில் நிற்பதற்கான மதிப்பெண். வளைவைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

கே: டயரிலேயே 51 பிஎஸ்ஐ என்று எழுதியிருக்கிறது. அவ்வளவு காற்று அடிக்கிறேன். சரியா?

ப: தவறு. அது டயர் தாங்கும் உச்ச அளவு. உங்கள் காருக்கான அளவு டிரைவர் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கும். வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது அளக்கவும். சுமார் 6 டிகிரி குளிர்ந்தால் ஒரு பிஎஸ்ஐ இறங்கும், அதனால் குளிர்காலம் தொடங்கும்போது மறுபடி பாருங்கள்.

கே: எந்த பிராண்ட் பெஸ்ட்?

ப: உங்கள் சைஸில், போன வாரமோ போன மாதமோ தயாரானது.

கே: பாதி விலைக்குப் புது டயர் கிடைக்கிறது. வாங்கலாமா?

ப: டயரில் DOT என்ற எழுத்துகளுக்கு அப்புறம் வரும் வரிசையின் கடைசி நாலு எண்ணைப் படியுங்கள். 2319 என்றால் 2019-ம் வருஷம் 23-வது வாரம். ஒரு பக்கம் முழு எண் இல்லாவிட்டால் மறுபக்கம் இருக்கும். சொல்லாமல் பழைய சரக்கைத் தள்ளுகிறவர்கள் உண்டு.

கே: இரண்டு டயர் மட்டும் மாற்றுகிறேன். முன்னாடி போடச் சொல்கிறார்கள்.

ப: பின்னாடி போடுங்கள்.

கே: அதெப்படி? என் கார் முன்வீல் டிரைவ். இழுப்பது, திருப்புவது, பிரேக்கில் பெரும்பங்கு, எல்லாமே முன்வீல்தான்.

ப: இப்படி 11 பேர் கேட்டிருக்கிறீர்கள், விளக்கமாகவே சொல்கிறேன். புது டயரில் பட்டன் பள்ளம் சுமார் 8 மி.மீ. உங்கள் பழைய டயரில் 3 இருக்கலாம். தேங்கிய தண்ணீரில் வேகமாகப் போனால் தேய்ந்ததுதான் முதலில் மிதக்கும். முன்பக்கம் மிதந்தால் ஸ்டியரிங் சட்டென்று லேசாகும். உங்கள் கைக்கே தெரியும், ஆக்ஸிலரேட்டரை விடுவீர்கள், வேகம் குறைந்து பிடிப்பு திரும்பிவிடும். பின்பக்கம் மிதந்தால் கைக்கு ஒன்றும் தெரியாது. பயந்து காலை எடுத்தால் எடை முன்னே சாய்ந்து பின்பக்கம் இன்னும் லேசாகும். அப்புறம் வால்தான் முன்னே வரும்.

இதை நானே பார்த்தேன். முன்னே புதுசு, பின்னே தேய்ந்தது, ஒரு காலி மைதானத்தில் மழை நின்ற நேரம். 60 கி.மீ. வேகத்தில் மெல்லிய வளைவு, காலை மட்டும் எடுத்தேன். வைப்பர் ஒரு தடவை போய்த் திரும்புவதற்குள் வந்த வழியைப் பார்த்து நின்றேன்.

கே: கார் சறுக்கினால் தானே சமாளிக்க இஎஸ்சி என்ற எலக்ட்ரானிக் அமைப்பு இருக்கிறதே?

ப: இஎஸ்சி ஒவ்வொரு வீலாகப் பிரேக் பிடித்துத்தான் வண்டியை நேராக்கும். தண்ணீர் மேல் மிதக்கும் வீலைப் பிடித்து என்ன பயன்?

கே: முன் டயர் வெடித்தால் ஆபத்து அதிகம் இல்லையா? எங்கள் மாமா 30 வருஷமாகப் புதுசை முன்னாடிதான் போடுகிறார்.

ப: வெடிக்கும் நிலையில் இருக்கிற டயரை எந்தப் பக்கமும் போடக் கூடாது. மாமாவிடம் வாதம் செய்யாதீர்கள், 10,000 கி.மீ.க்கு ஒரு தடவை டயரை முன்பின் மாற்றச் சொல்லுங்கள். நாலும் ஒன்றாகத் தேயும், நாலையும் ஒன்றாக மாற்றலாம், இந்தச் சண்டையே வராது.

கே: என்னுடையது ஆல் வீல் டிரைவ்.

ப: அப்படியானால் இரண்டு மட்டும் மாற்றும் முன் கையேட்டைப் படியுங்கள். தேய்மானத்தில் வித்தியாசம் அதிகமானால் டிரைவ் பாகங்கள் அடி வாங்கும்.

கே: புது டயர், ஒரு வருஷத்தில் விமானம் மாதிரி சத்தம். பேரிங்கா?

ப: இருக்கலாம். முதலில் உள்ளங்கையால் பட்டன்களைத் தடவுங்கள். குறுக்கே தடவும்போது ஒரு பக்கம் வழுவழுவென்று போய், திரும்பும்போது ரம்பம் மாதிரி கையைப் பிடித்தால் அலைன்மென்ட் போயிருக்கிறது. சுற்றுவாக்கில் அப்படிப் பிடித்தால் டயரை இடம் மாற்றாமலே ஓட்டியிருக்கிறீர்கள். கம்பி நீட்டியிருக்கலாம், மெதுவாகத் தடவுங்கள்.

கே: 18 இஞ்ச் ரிம் போட ஆசை.

ப: 225/45R17-க்குப் பதில் 225/40R18 போட்டால் மொத்த உயரம் 3 மி.மீ.தான் கூடும், ஸ்பீடாமீட்டர் கெடாது. ஆனால் சைடுவால் மெலியும். ஒரு குழியில் ரிம் நெளிந்தால் என்னைத் திட்டாதீர்கள்.

கே: நைட்ரஜன்?

ப: சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான்.

கே: பைக்குக்கும் ஆல் சீசன் உண்டா?

ப: பைக் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கே: முன்வீல் டிரைவில் புது டயர் முன்னாடிதானே?

ப: மேலே.

கே: 44 பிஎஸ்ஐ எழுதியிருக்கிறது, அதையே அடிக்கலாமா?

ப: மேலே!

கே: கதவு ஸ்டிக்கர் கிழிந்துபோய்விட்டது சார். அதனால்தான் டயரைப் பார்த்து அடித்தேன்.

ப: சரி, இது நியாயமான கேள்வி. பெட்ரோல் மூடியின் உள்பக்கம் பாருங்கள், சில கார்களில் அங்கே இருக்கும். இல்லையென்றால் கையேட்டில் உண்டு. கிடைத்ததும் ஒரு சீட்டில் எழுதிக் கதவு ஓரத்தில் ஒட்டிவிடுங்கள்.