வாசகர் கேள்வி: “டெடிகேஷன் குறைஞ்சிடுச்சா, சிஸ்டர்?”

கேள்வி: தனியார் ஆஸ்பத்திரி பொது வார்டில் ஆறு வருஷமாக ஸ்டாஃப் நர்ஸ். நைட் டூட்டியில் 18 பேருக்கு நான் ஒருத்தி. முன்பெல்லாம் பேஷண்டைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன். இப்போது பெட் நம்பர்தான் வாயில் வருகிறது. பெல் அடித்தாலே எரிச்சல். எதைச் செய்தாலும் அரைகுறையாகத் தோன்றுகிறது. மீட்டிங்கில் ‘உங்களுக்கு டெடிகேஷன் குறைஞ்சிடுச்சு’ என்றார்கள். நான் சோம்பேறி ஆகிவிட்டேனா?
- பெயர் வேண்டாம், மதுரை

பதில்: பெல் அடிச்சா எரிச்சல்னு எழுதியிருக்கீங்களே தங்கச்சி, அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படிச்சேன். 1997-ல் ஆண்கள் சர்ஜிக்கல் வார்டில் நானும் அப்படித்தான் இருந்தேன். கட்டிலில் 40 பேர், தரையில் பாய் போட்டு இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர். ராத்திரிக்கு நானும் ஒரு மாணவியும். தண்ணி கேட்ட பெரியவர்கிட்ட, “எனக்கென்ன பத்துக் கையா இருக்கு?”ன்னு கத்திட்டேன். “இல்லம்மா, அப்புறமா குடிச்சுக்கிறேன்”னு டம்ளரைக் கவிழ்த்து வச்சிட்டார். காலையில் அடுத்த டூட்டி நர்ஸுக்கு ஹேண்டிங் ஓவர் கொடுக்கிறப்போ அவர் கட்டில்கிட்ட வந்ததும் எனக்குப் பேச்சே வரல.

எங்க இன்சார்ஜ் சிஸ்டர் நைட்டிங்கேல் கதை எதுவும் சொல்லல. டூட்டி லிஸ்டில் என் பேரை அழிச்சு, மூணு மாசம் தடுப்பூசி ஓபியில் போட்டாங்க. நாள் பூரா குழந்தைங்க அலறல். ஆனா ராத்திரி வீட்டில் தூக்கம். மூணாவது மாசம் நானே போய் வார்டு கேட்டேன்.

வேலையால் இப்படி ஓய்ஞ்சு போறதுக்கு ‘பர்ன்-அவுட்’னு பேர். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இதுக்கு எழுதின விளக்கத்தில், இது நோய் இல்லை, வேலையிடத்து அழுத்தத்தைச் சரிசெய்யாம விட்டதால் வருவதுன்னு இருக்கு. அடையாளம் மூணு: உடம்பும் மனசும் ஓய்ஞ்சு போறது, வேலைமேல கசப்பு, ‘ஒழுங்கா செய்ய முடியலையே’ங்கிற நினைப்பு. மூணுமே உங்க கடிதத்தில் இருக்கு. மத்திய அரசு தன் ஆஸ்பத்திரிகளுக்கு வகுத்த ஆள்கணக்கில் பொது வார்டுக்கு 6 படுக்கைக்கு ஒரு நர்ஸ். உங்ககிட்ட 18. மே 12-ந் தேதி, நர்ஸ் தினத்துக்கு ரோஜாப்பூ கொடுக்கிறவங்க இந்தக் கணக்கை மட்டும் பேச மாட்டாங்க!

ஒரு சின்ன நோட்டு வாங்குங்க. ரெண்டு வாரம் ஒவ்வொரு டூட்டிக்கும் எத்தனை பேஷண்ட், எத்தனை புது அட்மிஷன், எந்த மருந்து எவ்வளவு லேட், எந்த ஆஃப் கிடைக்கலன்னு குறிங்க. பேஷண்ட் பேர் வேண்டாம். அதை வச்சு நர்சிங் சூப்பரிண்டெண்டுக்கு எழுத்தில் கொடுங்க: மூணு மாசம் பகல் டூட்டி, இல்லாட்டி ஓபி. நகல் உங்ககிட்ட இருக்கட்டும். ‘மனசு சரியில்லை’ன்னு மட்டும் எழுதிடாதீங்க, யோகா கிளாஸ் வச்சு முடிச்சிடுவாங்க.

தொடர்ந்து ரெண்டு ஆஃப் எடுத்துத் தூங்கியும் சாப்பாடு இறங்கலை, காரணமில்லாம அழுகை வருதுன்னா, அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416-க்குப் பேசுங்க. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம், ராத்திரி மூணு மணிக்கும் எடுப்பாங்க.

எழுதிக் கொடுத்தும் அசையலைன்னா வேற இடம் பாருங்க. உங்க ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டை ஆஸ்பத்திரியில் வாங்கி வச்சிருந்தா, முதல்ல அதைக் கையில் வாங்கிட்டுப் பேச்சை ஆரம்பிங்க.